அரைமணி நேரம் பின்தங்கிய மோட்டார்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வயல் மோட்டாரைச் செல்போனில் இயக்கும் ஸ்டார்ட்டர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் வரப்பில் நடக்க வேண்டாம், பாம்புக்கடிக்குப் பயப்பட வேண்டாம், மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும் என்று எழுதியிருந்தீர்கள். அத்தனையும் உண்மை. எங்கள் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகையிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அது வந்த ஆண்டில் எங்கள் குடும்பத்தில் நடந்ததையும், அதன் காரணம் எங்கே ஒளிந்திருந்தது என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேளாண்மைப் பொறியியல் துறை அதிகாரிகளும் நம் பகுதிப் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் இதைப் படித்தால் மிகவும் மகிழ்வேன்.

நான் வலங்கைமான் அருகே குடமுருட்டிக் கரையில் பிறந்து வளர்ந்தவள். மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். 16 ஆண்டுகளாகச் செய்கிறேன். அதில் கடந்த 9 ஆண்டுகளாக ஒரே வேலைதான்: மீட்டர், ஸ்டார்ட்டர், தராசு போன்ற சிறு கருவிகளுக்குள் ஓடும் இயங்குதளங்களுக்கான சி நூலகத்தை, அதாவது சி என்ற கணினி மொழியில் எழுதும் எல்லா நிரலும் பயன்படுத்தும் பொதுச் செயல்பாடுகளின் தொகுப்பைச் சோதிப்பது. கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே பார்க்கிறேன்.

எங்களுடையது கூட்டுப் போர்வெல். பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து இறக்கியது. பெரியப்பா காலமான பிறகு அவர் பங்கை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். காலை 5 மணி முதல் 8 மணி வரை சித்தப்பா முறை, 8 முதல் 11 வரை அண்ணன் முறை. இத்தனை ஆண்டுகளில் இதில் ஒரு பேச்சு வந்ததில்லை. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், குறுவை நாற்றங்காலுக்கு வைகாசியில் போர்த் தண்ணீர்தான் கதி. அந்த வெயிலில் தண்ணீர் அரைமணி குறைந்தால் மறுநாள் மாலையே நாற்றின் நுனி சொல்லிவிடும்.

புதுப் பெட்டியில் சித்தப்பா 5 மணி, 8 மணி என்று நேரம் வைத்தார். 5 மணிக்குக் கொட்டகைக்குப் போனால் மோட்டார் ஓடாது, ஐந்தரைக்கு ஓடும். மும்முனை வந்து சேர நேரமாகிறது என்று நினைத்துக்கொண்டார். 8 மணிக்கு அண்ணன் வருவார். தண்ணீர் இன்னும் சித்தப்பாவின் நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருக்கும். அண்ணன் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். சித்தப்பா பெட்டியைக் காட்டி, அது நிறுத்தும்வரை தன் முறை என்பார். பெட்டியை வைத்து என் தண்ணீரைத் திருடுகிறீர்கள் என்று ஒருநாள் அண்ணன் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைச் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. அண்ணன் மகளின் காதணி விழாவுக்கு அவர் போகவில்லை. இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நான் ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை மாலை மின்தடை. மின்சாரம் திரும்பி வந்ததும் சித்தப்பாவுடன் கொட்டகையில் நின்றிருந்தேன். பெட்டியின் சிறு திரையில் செல்போன் சிக்னல் வருவதற்கு முன் ஒரு வரி தெரிந்தது: 01-01-1970, 05:00. பேட்டரி செத்துவிட்டது, எப்போதும் இப்படித்தான் காட்டும் என்றார் சித்தப்பா. எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு சிலிர்த்தது. ஆண்டு பழையதாக இருப்பதில் வியப்பில்லை. மணி 05:30 ஆக இருந்திருக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். இத்தகைய கருவிகள் நேரத்தை நொடிக்கணக்கில் வைத்திருக்கும். 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு, அங்கிருந்து எத்தனை நொடி கழிந்தது என்பதுதான் கணக்கு. பேட்டரி இல்லாமல் மின்சாரம் போய் வந்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை. பூஜ்யத்தை ஐந்து மணி என்று காட்டும் கருவி, நம் நாட்டு நேரத்தில் அரைமணியை எங்கோ தொலைத்துவிட்டது என்று பொருள். பிறகு சிக்னல் கிடைத்துச் சரியான நொடிக்கணக்கு வந்தாலும் அந்த அரைமணி திரும்பாது. பெட்டியின் 5 மணி ஊரின் ஐந்தரை.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. என் மின்னஞ்சல் கிடைத்த இரண்டாம் நாளே அங்கிருந்து ஓர் இளைஞர் அழைத்தார். நேரத்தைக் கணக்கிடும் அந்தச் சிறு பகுதியின் நிரலை அனுப்பிவைத்தார். இந்திய நேர மண்டலத்தை அதில் ‘ஐஎஸ்டி-5:30’ என்று எழுதியிருந்தார்கள். நாம் கிரீன்விச்சுக்கு முன்னால் இருந்தாலும் கழித்தல் குறிதான் போட வேண்டும். உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்டினால் கிரீன்விச் நேரம் வரும் என்று எழுதுவது பாசிக்ஸ் என்ற நியமத்தின் வழக்கம். அதுவரை சரி. படிக்கும் பகுதி 5 என்பதைப் படித்தது, அடுத்து முக்காற்புள்ளியைக் கண்டது, அங்கேயே நின்றுவிட்டது. 30-ஐத் தொடவே இல்லை. சோதித்தீர்களா என்று கேட்டேன். சோதித்திருந்தார்கள். லண்டன், நியூயார்க், சிங்கப்பூர். எல்லாம் முழு மணி மண்டலங்கள்.

வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சி மொழியை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கினார். 1989-ல் அமெரிக்காவும் 1990-ல் உலகத் தர அமைப்பும் அதற்கு நியமம் வகுத்தன. மொழியோடு ஒரு நூலகமும் அந்த நியமத்தில் உண்டு. எண்ணைத் திரையில் எழுத, எழுத்தை எண்ணாக மாற்ற, நினைவகத்தில் இடம் கேட்க, நகலெடுக்க, நேரத்தைக் கணக்கிட என்று எல்லா நிரலும் கேட்கும் வேலைகளை அது செய்து தருகிறது. ஸ்டார்ட்டருக்கு நிரல் எழுதுபவர் நேரக் கணக்கைத் தானே எழுதுவதில்லை. நூலகத்தைக் கேட்கிறார், அது சொல்வதை நம்புகிறார். பெரிய கணினியின் நூலகம் சிறு சிப்பில் அடங்காது என்பதால் நியூலிப், பிகோலிப் போன்ற சிறிய நூலகங்கள் இருக்கின்றன; லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடும் சற்றுப் பெரிய கருவிகளுக்கு மஸல் உண்டு. நல்லவர்கள் பல ஆண்டுகள் உழைத்து எல்லோருக்கும் திறந்து வைத்தவை. சில நிறுவனங்கள் இடம் போதவில்லை என்று அவற்றையும் செதுக்குகின்றன, அல்லது தாங்களே புதிதாக ஒன்றைச் செய்துகொள்கின்றன. எங்கள் அரைமணி அப்படி ஒரு செதுக்கலில்தான் போயிருக்கிறது.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது எளிது. தலைமதகில் ஒரு பலகை பிசகினால் கடைமடைக்காரர் வயல் காய்கிறது. பாவம், அவர் தன் வாய்க்காலைத்தான் தூர்வாரிக்கொண்டிருப்பார். சித்தப்பா பேட்டரியை இரண்டு முறை மாற்றினார்.

இந்த நூலகத்தை எப்படிச் சோதிப்பது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மெம்மூவ் என்ற செயல்பாட்டை. நினைவகம் என்பது வரிசையாக அடுக்கிய சிறு கட்டங்கள்; ஒரு கட்டத்துக்கு பைட் என்று பெயர். மெம்மூவ் அதில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்தில் வைக்கும். இரண்டு இடங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தாலும் சரியாக வைக்க வேண்டும் என்பது நியமம். பந்தியில் எல்லோரும் ஓர் இலை வலப்பக்கம் தள்ளி உட்கார வேண்டும் என்றால் வலக்கோடியில் இருப்பவர்தான் முதலில் எழுந்திருக்க வேண்டும். இடக்கோடியில் இருப்பவர் முதலில் நகர்ந்தால் பக்கத்திலிருப்பவர் மடியில்தான் உட்காருவார். நினைவகத்தில் அப்படி உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தது அழிந்தே போகும். முதல் கட்டத்தின் எழுத்தே கடைசிவரை நிரம்பிவிடும். இடப்பக்கம் தள்ளும்போது இதற்கு நேர்மாறான வரிசை. ஆகவே இரண்டு பக்கமும் தள்ளிப் பார்க்க வேண்டும்.

அது போதாது. நகலெடுக்கும் இடத்துக்கு இரு புறமும் 16 கட்டங்களில் 165 என்ற எண்ணை நிரப்பி வைப்பேன். என்னைப் பொறுத்தவரை அவை வரப்பு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்திலும் 165 அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். அண்டை வெட்டும்போது பக்கத்து வயல்காரர் ஒரு விரற்கடை தன் பக்கம் சரித்துக்கொண்டாரா என்று கயிறு பிடித்துப் பார்ப்போமே, அதேதான். நீளம் 0 முதல் 64 வரை. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒவ்வொன்றும் 8 விதமான தொடக்கத்தில். மொத்தம் 4,160 முறை. வேகத்துக்காக நான்கு நான்கு கட்டமாக அள்ளி வைக்கும் நூலகங்கள் பெரும்பாலும் நடுவில் தவறுவதில்லை. தலைப்பிலும் கடைசியிலும் மிஞ்சும் ஒன்றிரண்டு கட்டங்களில்தான் வரப்பு உடைகிறது.

இதை மேசைக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தேறியது என்று எழுதிவிடக் கூடாது. நான்கின் மடங்கில் இல்லாத முகவரியிலிருந்து நான்கு கட்டத்தை ஒன்றாக அள்ளினால் மேசைக் கணினி பொறுத்துக்கொள்ளும். கார்டெக்ஸ் எம்-0 என்ற சிறு சிப் பொறுக்காது, அங்கேயே நின்றுவிடும். எந்தச் சிப் கொட்டகைக்குப் போகிறதோ அதே சிப்பில் ஓட்ட வேண்டும். என் மேசையில் எஸ்டிஎம்32 எஃப்103 வகைச் சிப் பொருத்திய பலகை ஒன்று இருக்கிறது. உள்ளங்கையில் பாதிதான் இருக்கும். நிரலுக்கு 64 கிலோபைட், வேலை செய்ய 20 கிலோபைட். எல்லாச் சோதனைகளையும் ஒரே மூட்டையாக அதில் ஏற்ற முடியாது. சிறு சிறு நிரலாக வெட்டி, ஒவ்வொன்றாக ஏற்றி, ஓட்டி, அழித்து, அடுத்ததை ஏற்ற வேண்டும்.

முடிவை எப்படித் தெரிந்துகொள்வது? திரையில் எழுதும் பிரின்ட்எஃப் செயல்பாடும் சோதனைக்கு உரியதுதான். தராசு சரியா என்பதை அதே தராசில் நிறுத்து அறிய முடியாது. அதனால் பிரின்ட்எஃப்பைத் தொடாமல், சரியென்றால் ஒரு புள்ளி, தவறென்றால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவை மட்டும் கம்பி வழியாக அனுப்பச் செய்வேன். எல்லாம் புள்ளியாக வந்தால் நூலகத்தை வேண்டுமென்றே ஓரிடத்தில் கெடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவேன். அப்போதும் புள்ளியாகவே வந்தால் என் சோதனை வீண். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும்.

இந்த வேலையில் ஆண்டுக்கணக்காக இருந்து நான் உறுதியாக அறிந்தது ஒன்று உண்டு. சோதனை எழுதுபவர் வாழ்ந்த வாழ்க்கைதான் சோதனைக்குள் வருகிறது. கோடையில் கடிகாரத்தை ஒருமணி முன்தள்ளும் நாட்டில் இருப்பவர்கள் அந்த மாற்றத்தைத் துளித்துளியாகச் சோதித்திருக்கிறார்கள். நான் பார்த்த சோதனைத் தொகுப்புகளில் அதற்கு எத்தனையோ பக்கங்கள் உண்டு. அரைமணி மண்டலத்தில் வாழாதவருக்கு 5:30 தோன்றுவதில்லை. நேபாளத்தின் 5:45 தோன்றுவதேயில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எழுத வேண்டியதை நாம் எழுதவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருவைச் சேர்ந்த இரண்டு பாலிடெக்னிக் மாணவர்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும், வேலை பழக வந்தார்கள். நூலகத்தின் நியமத்தை ஒரு வாரம் படிக்கவைத்தேன். பிறகு ஒரு செதுக்கிய நூலகத்தைக் கொடுத்து, உங்கள் மனத்துக்குத் தோன்றியதைக் கொடுத்துப் பாருங்கள் என்றேன். அந்தப் பெண் எஸ்என்பிரின்ட்எஃப் செயல்பாட்டை எடுத்துக்கொண்டாள். ஒரு குறிப்பிட்ட அளவு இடத்துக்குள் எழுத வேண்டும், இடம் போதாவிட்டால் வெட்டிவிட வேண்டும், ஆனால் முழுதாக எழுதியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்ற எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அதன் நியமம். ஆங்கிலச் சொல்லைக் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. ‘மோட்டார்’ என்று தமிழில் கொடுத்தாள், 20 பைட் இடத்தில்.

நமக்கு மோட்டார் என்பது நான்கு எழுத்து. கணினிக்குள் அது மகரம், ஓகாரக் குறி, டகரம், புள்ளி என்று எட்டுக் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 24. இருபதில் அடங்காது. முடிவைக் குறிக்கும் ஒரு பைட் போக 19 பைட் உள்ளே போகும்: ‘மோட்டா’ என்பதற்கு 18, அதற்குப் பின் ரகரத்தில் மூன்றில் ஒரு துண்டு. அந்தத் துண்டு திரையில் கேள்விக்குறிக் கட்டமாகத் தெரியும். அதைக்கூட நியமம் அனுமதிக்கிறது. திரும்பி வர வேண்டிய எண் 24. வந்தது 19. அவள் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, தான்தான் ஏதோ தவறாக எழுதிவிட்டோம் என்று பயந்து என்னிடம் வந்தாள். தவறு நூலகத்தில். 19 என்று சொன்னால், நிரல் எல்லாம் அடங்கிவிட்டது என்று நம்பும். மீதியை அடுத்த குறுஞ்செய்தியில் அனுப்பாது. ‘மோட்டார் ஓடவில்லை’ என்று வர வேண்டிய செய்தி பாதியில் நின்றால் உழவர் என்ன முடிவுக்கு வருவார்?

பையன் கண்டுபிடித்ததும் தமிழால் வந்ததுதான். ஓர் எழுத்து அகரவரிசை எழுத்தா, எண்ணா என்று சொல்லும் செயல்பாடுகள் ஓர் அட்டவணையைப் பார்த்துச் சொல்கின்றன. தமிழ் எழுத்தின் முதல் பைட் 224. மேசைக் கணினியில் இது மைனஸ் 32 ஆகிவிடும். பல சிறு சிப்களில் 224 ஆகவே இருக்கும். மைனஸ் எண்ணோடு இந்தச் செயல்பாடுகளைக் கேட்கக் கூடாது என்பது நியமம். ஆனால் கேட்டுவிடும் நிரல்கள் ஏராளம். அட்டவணைக்குக் கீழே 32 இடம் தள்ளி என்ன கிடக்கிறதோ அதைப் படித்துவிடும். நல்ல நூலகங்கள் இதை முன்கூட்டியே நினைத்து அட்டவணையைக் கீழ்ப்பக்கமும் நீட்டி வைத்திருக்கின்றன. ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்பவர் வாழ்நாள் முழுதும் இந்தப் பள்ளத்தைப் பார்க்கமாட்டார்.

நெல் கொள்முதல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஈரப்பத வரம்பு 17 சதவீதம் என்று நம் எல்லோருக்கும் மனப்பாடம். 17.05 என்ற எண்ணை நான்கு பைட்டில் வைத்து, ஒரு தசம இடத்துக்கு எழுதச் சொன்னால் 17.0 என்று வரும். அதே எண்ணை எட்டு பைட்டில் வைத்தால் 17.1 வரும். இரண்டும் நியமப்படி சரியான விடைகள். ஐந்தில் முடியும் அந்தத் தசமத்தை இரும எண்ணில் அப்படியே எழுத முடியாது; நான்கு பைட்டில் அது இம்மி குறைந்தும், எட்டு பைட்டில் இம்மி கூடியும் நிற்கிறது. எந்த நிலையத்து மீட்டரும் தவறு செய்கிறது என்று நான் சொல்லவில்லை. அதைச் சோதித்தவர் யார், எந்த எண்களைக் கொடுத்துச் சோதித்தார் என்று கேட்கும் உரிமை, கொட்டும் பனியில் நெல்லைக் குவித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு உண்டு என்கிறேன்.

இது சிறு நிறுவனங்களின் குறை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ‘பேட்அல்லாக்’ என்று பெயரிட்டு 25-க்கும் மேற்பட்ட ஓட்டைகளை வெளியிட்டார்கள். உலகம் முழுதும் தொழிற்சாலைகளிலும் கருவிகளிலும் ஓடும் பல இயங்குதளங்களிலும், நியூலிப் உள்ளிட்ட சி நூலகங்களிலும் ஒரே மாதிரி தவறு. நினைவகத்தில் இத்தனை பொருளுக்கு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று இடம் கேட்கும்போது நூலகம் இரண்டையும் பெருக்குகிறது. 32 பிட் சிப்பில், அதாவது எண்ணை 32 இரும இலக்கத்தில் வைக்கும் சிப்பில், 65,536-ஐ 65,536-ஆல் பெருக்கினால் விடை அடங்காமல் வழிந்து பூஜ்யமாகிவிடும். ஒரு வேலி நிலம் கேட்டவருக்கு ஒரு குழியை அளந்து கொடுத்து, பட்டாவில் ஒரு வேலி என்றே எழுதிக் கொடுப்பது போன்றது இது. நிரல் பட்டாவை நம்பி அடுத்தவர் நிலத்தில் உழுதுவிடும். விஷமம் செய்ய நினைப்பவருக்கு அந்த வழியே போதும். இதைப் பிடிக்கும் சோதனை இரண்டே வரி: அவ்வளவு இடத்தைக் கேள், இல்லை என்று சொல்கிறதா பார். அந்த இரண்டு வரியை எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகள் எழுதவில்லை.

இன்னொரு நாளும் வருகிறது. நொடிக்கணக்கை 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும். அடுத்த நொடி அவை 1901 டிசம்பருக்குப் போய்விடும். பொங்கல் முடிந்து சம்பா அறுவடை நடக்கும் நேரம். மஸல் நூலகம் 2020-லேயே 64 பிட்டுக்கு மாறிவிட்டது, நியூலிப்பும் மாறியிருக்கிறது. பழைய நூலகத்தைச் செதுக்கி வைத்திருப்பவர்கள் மாறினார்களா என்பதைப் பெட்டியின் மேலட்டை சொல்லாது. ஸ்டார்ட்டர் வாங்கும் உழவர் அதை மூன்று ஆண்டில் தூக்கி எறிவதில்லை.

ஆகவே எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன. மானியத்தில் கொடுக்கும் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போது, வேளாண்மைப் பொறியியல் துறை மோட்டாரின் குதிரைத்திறனையும் பெட்டியின் உத்தரவாதத்தையும் கேட்பதோடு, உள்ளே இருப்பது எந்த சி நூலகம், எந்தப் பதிப்பு, கருவியில் இருக்கும் அதே சிப்பில் அதைச் சோதித்த முடிவு எங்கே என்றும் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும். தாள் இல்லாத நிறுவனம் அதைத் தயாரித்துக்கொண்டு வரட்டும். அதற்காகவாவது ஒருமுறை சோதிப்பார்கள். பொதுப்பணத்தில் வாங்கும் பொருளுக்கு இந்தக் கேள்வியை இதுவரை நாம் கேட்காமல் விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடுத்தது, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு. இறுதியாண்டுத் திட்டப்பணி என்றால் விளக்கு தானே எரியும், செடிக்குத் தானே தண்ணீர் போகும் என்ற செய்முறைகளையே ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒரு குழுவையாவது நூலகச் சோதனைக்கு விடுங்கள். பலகை சில நூறு ரூபாய்தான். நூலகங்கள் திறந்தே இருக்கின்றன. மஸல் குழுவினரின் சோதனைத் தொகுப்பும் திறந்திருக்கிறது; அதைப் படித்தால் எப்படி எழுதுவது என்று தெரியும். மாணவர்கள் கண்டுபிடிக்கும் தவறைத் திருத்தி அனுப்பினால் ஏற்றுக்கொண்டு நன்றி சொல்லும் உலகம் அது. இதற்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டாம். அரைமணி மண்டலமும் தமிழ் எழுத்தும் அடிக்கடி போய்வரும் மின்சாரமும் இங்கேயே இருக்கின்றன. நான் சனி, ஞாயிறுகளில் எந்தக் கல்லூரிக்கும் வந்து சொல்லித்தரத் தயார், பணம் வேண்டாம்.

திருத்திய நிரலை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் ஆள் ஒருவர் மடிக்கணினியுடன் எங்கள் கொட்டகைக்கு வந்தார். அண்ணனையும் வரச் சொல்லியிருந்தேன்; வந்து வாசலிலேயே நின்றார். பேட்டரியைக் கழற்றி, சிம் அட்டையை எடுத்துவிட்டு, மின்சாரத்தைப் போட்டோம். 01-01-1970, 05:30. இதுதானா அந்த அரைமணி என்று அண்ணன் கேட்டார். சித்தப்பா பதில் சொல்லவில்லை. அன்று 8 மணிக்கு அண்ணன் வயலுக்கான வால்வைச் சித்தப்பாவே போய்த் திறந்துவிட்டார்.

ஸ்டார்ட்டர் வைத்திருக்கும் வாசகர்கள் இதைத் தாங்களே பார்க்கலாம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். சிம் அட்டையையும் கடிகார பேட்டரியையும் எடுத்துவிட்டு, பெட்டியை மூடியபின் மின்சாரம் கொடுங்கள். வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருப்பது நல்லது. திரையில் 1970 ஜனவரி 1 என்று வந்தால் அதன் பக்கத்தில் இருக்கும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 05:30 இல்லாமல் வேறு எது இருந்தாலும், கருவியின் மாதிரி எண்ணோடு இந்த நாளிதழ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஆசிரியர் அவற்றை எனக்கு அனுப்பிவைத்தால் ஒவ்வொன்றையும் நான் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கும் வாசகி,
கும்பகோணம்.